செஷீவனீ: தைத்தவர்களா, தைக்கப்பட்டவர்களா?

செக் நாட்டு ப்ராக் நகரத்து ஸ்லாவியா கால்பந்து அணி ஆடும் நாளெல்லாம் 'தையற்காரர்கள் முன்னிலை', 'தையற்காரர்கள் வெற்றி' என்று எங்காவது தமிழில் கண்ணில் படுகிறது. போன வாரம் மூன்றாம் முறையாகப் படித்தபோது எனக்குப் பொறுமை போய்விட்டது.

செக் மொழியில் அந்த அணியின் செல்லப்பெயர் செஷீவனீ. 'ஷீத்' என்றால் தைத்தல். முன்னொட்டான 'செ' ஒன்றுசேர்வதைக் குறிக்கும். சமற்கிருதச் 'சீவ்யதி'யும் நம்மிடம் வந்து தங்கிவிட்ட 'சூத்திர'மும் இதே வேர். வேர்க்கதை இவ்வளவு போதும்.

சிக்கல் ஈற்றில் இருக்கிறது. அது செயப்பாட்டு வினை. இவர்கள் ஊசி பிடித்தவர்கள் அல்லர், சேர்த்துத் தைக்கப்பட்டவர்கள். 1892-இல் விளையாட்டுக் கழகமாகத் தொடங்கி 1896-இல் கால்பந்துக்கு வந்த ஸ்லாவியாவின் சட்டை ஒரு பாதி சிவப்பு, மறு பாதி வெள்ளை. நெஞ்சின் நடுவே மேலிருந்து கீழாக ஒரே தையல். பெயர் பிறந்தது அந்தத் தையலில். 'தையற்காரர்' என்றதும் வாசகர் மனத்தில் சட்டையா வரும்? தெருமுனைக் கடையும் கழுத்தில் தொங்கும் அளவு நாடாவும்தான் வரும். ஆளுக்கும் துணிக்கும் வேறுபாடு தெரியாமல் என்ன மொழிபெயர்ப்பு?

'ஒட்டுப்போட்டவர்கள்' என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒட்டு கிழிசலுக்குப் போடுவது. புதுச் சட்டைக்கு எதற்கு ஒட்டு? 'இருநிறத்தார்' தூய தமிழ்தான். ஆனால் தையலே அதில் காணாமல் போய்விட்டது. தூய்மைக்காகப் பொருளை இழப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

நம்மிடம் சரியான சொல் இருக்கிறது: மூட்டுதல். கைலி வாங்கியதும் 'மூட்டித் தாருங்கள்' என்று கேட்கிறோமே, அதுதான். இரண்டு விளிம்பையும் சேர்த்துப் பிடித்து, மேலிருந்து கீழே ஒரே ஓட்டம், துணி ஒன்றாகிவிடும். செக் வினை சொல்வதும் இதையே. கருஞ்சட்டையர், செஞ்சட்டையர் என்று சொல்லிப் பழகிய நமக்கு 'மூட்டுச்சட்டையர்' ஒன்றும் கடினமில்லை. 'மூட்டியவர்கள்' என்று மட்டும் சுருக்கிவிட வேண்டாம். மறுபடியும் தையற்காரரிடமே போய் நிற்போம்.

மூட்டு என்றால் முழங்கால் வலி நினைவுக்கு வருகிறதே என்றார் ஒரு நண்பர். தீ மூட்டுகிறவரிடம் யாரும் கைலியை நீட்டுவதில்லை. சொல்லின் இடம் பொருளைக் காட்டிவிடும்.

வெள்ளைப் பாதியில் இருக்கும் சிவப்பு விண்மீனைப் பார்த்ததும் 'பொதுவுடைமைச் சின்னம்' என்று அடைமொழி சேர்ப்பவர்களுக்கும் ஒரு சொல். அந்த விண்மீன் ரஷ்யப் புரட்சிக்கு முந்தையது. பொதுவுடைமை ஆட்சியோ 1950-களில் இந்தக் கழகத்தின் பெயரையே பறித்து 'டைனமோ' ஆக்கியது. ஸ்லாவியா என்ற பெயர் 1965-இல்தான் திரும்பியது.