ஒரு வலைப்பக்கத்தின் தலையெழுத்து

ஒரு படிவத்தில் பிறந்த தேதியைத் தேர்ந்தெடுக்கச் சின்ன நாட்காட்டி ஒன்று இருக்கிறது. அது அழகாகத் தெரிய ஒரு ஸ்டைல்ஷீட் வேண்டும். தொட்டால் விரிய ஒரு ஸ்கிரிப்ட் வேண்டும். ஸ்டைல்ஷீட்டைப் பக்கத்தின் தலைப்பகுதியிலேயே, அதாவது உலாவி முதலில் படிக்கும் பகுதியிலேயே, குறிப்பிடுவது வழக்கம். பிந்தி வந்தால், பக்கம் முதலில் அலங்கோலமாகத் தோன்றிப் பிறகு சீராகும். ஆனால் சர்வர் பக்கத்தை மேலிருந்து கீழாக எழுதுகிறது. நாட்காட்டியின் முறை வரும்போது தலைப்பகுதி எழுதி முடிந்திருக்கும்.

எல்லாக் கோப்புகளையும், எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான அச்சாக இருக்கும் அடிப்படை வார்ப்புருவில் அடுக்கிவிடுவது சுலபமான வழி. நாட்காட்டியே இல்லாத பக்கமும் அதன் சுமையைத் தூக்கும். எதை எதற்காகச் சேர்த்தோம் என்பது மறந்துபோவதால், பின்னாளில் நீக்கவும் கை வராது.

பைத்தான் மொழியில் வலைத்தளம் கட்ட உதவும் ஜாங்கோ என்ற கட்டமைப்பில் வார்ப்புருக்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கின்றன. தாய் வார்ப்புரு தலைப்பகுதியில் ஓர் இடத்தைப் பெயரிட்டு ஒதுக்கும். சேய் அதை நிரப்பும். ஆனால் நடுவில் செருகப்படும் துண்டு வார்ப்புருவுக்கு அந்த உரிமை இல்லை. அது தாயின் இடத்தை நிரப்ப முயன்றால் பிழைச் செய்தி எதுவும் வராது; ஸ்டைல்ஷீட் மட்டும் போய்ச் சேராது. நான் ஒரு முழு நாளை இதில் தொலைத்திருக்கிறேன்.

ஜாங்கோ அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு நாளிதழ் அலுவலகத்தில் உருவாகி, 2005-இல் பொதுவெளிக்கு வந்தது. அதன் படிவங்கள் இந்தச் சிக்கலுக்குத் தரும் விடை எனக்கு மிகவும் பிடிக்கும். கல்யாணச் சமையலில் சாம்பாருக்கு என்ன வேண்டும், ரசத்துக்கு என்ன வேண்டும் என்று தனித்தனியே கேட்டு, இரண்டிலும் வரும் துவரம்பருப்பை ஒருமுறை மட்டும் மளிகைப் பட்டியலில் எழுதுவார்கள் அல்லவா? அதே முறைதான். நாட்காட்டி போன்ற ஒவ்வொரு உள்ளீட்டுக் கூறும் தன் தேவைகளை ‘மீடியா’ என்ற உள்வகுப்பில் அறிவித்துவிடும். வார்ப்புரு எழுதப்படும் முன்பே படிவம் உருவாகிவிடுவதால், தலைப்பகுதி அதனிடமே கேட்டுக்கொள்ளலாம்.

இரட்டிப்பை நீக்குவதைவிட வரிசையைக் காப்பதுதான் கடினம். ஜேக்வெரி என்ற ஸ்கிரிப்ட் நூலகம் முதலில், அதைச் சார்ந்த நாட்காட்டி பிறகு என்று ஒரு கூறு சொல்கிறது. வேறொன்று தலைகீழாகச் சொன்னால் இரண்டையும் நிறைவேற்ற முடியாது. அப்போது ஜாங்கோ வாயை மூடிக்கொண்டு ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில்லை, எச்சரிக்கை எழுப்புகிறது. அந்த எச்சரிக்கையைத் தயவுசெய்து அலட்சியப்படுத்தாதீர்கள்.

படிவம் அல்லாத துண்டுகளுக்கு ‘ஜாங்கோ செகிசாய்’ என்ற தனித் தொகுப்பு உதவுகிறது. அது தலைப்பகுதியில் இடம்விட்டு, மீதிப் பக்கத்தை முதலில் எழுதி, துண்டுகள் வழியில் ஒப்படைத்த கோப்புப் பெயர்களைக் கொண்டுவந்து அந்த இடத்தில் வைக்கிறது.

சரியான கோப்பைச் சரியான இடத்தில் குறிப்பிட்ட பிறகும் ஒரு தொல்லை உண்டு. பொத்தானின் நிறத்தை மாற்றியிருப்போம். வாசகரின் உலாவி, சேமித்து வைத்த பழைய கோப்பையே காட்டும். முகவரியின் கடைசியில் பதிப்பு எண் சேர்த்து, ஒவ்வொரு முறையும் கையால் கூட்டுபவர்கள் உண்டு. அவசரத்தில் அதுதான் முதலில் மறக்கும்.

இதற்கு ஜாங்கோவில் மேனிஃபெஸ்ட் சேமிப்பகம் என்ற வசதி உண்டு. அது கோப்பின் உள்ளடக்கத்தை எம்டி5 என்ற கணக்கீட்டு முறையில் ஒரு கைரேகை போலச் சுருக்கி, கிடைக்கும் பதினாறடிமான எண்ணின் (ஒவ்வொரு இலக்கத்துக்கும் 16 குறிகள்) முதல் 12 இலக்கங்களைப் பெயரோடு சேர்க்கிறது. சுமார் 281 லட்சம் கோடி சாத்தியங்கள். ஒரு காற்புள்ளி மாறினாலும் பெயர் மாறிவிடும். வார்ப்புருவில் பழைய எளிய பெயரையே எழுதலாம். புதுப் பெயரை ஜாங்கோ பழைய பெயருக்கு எதிரே புதுப் பெயரை எழுதிய ஒரு பட்டியலில் (ஜேசான் வடிவக் கோப்பு) பார்த்து இட்டுக்கொள்ளும். ஸ்டைல்ஷீட்டுக்குள் குறிப்பிட்ட படம் மாறினால், ஸ்டைல்ஷீட்டின் பெயரும் சேர்ந்து மாறும். இதனால் உலாவியிடம் ‘ஓராண்டு வைத்துக்கொள்’ என்று தயக்கமின்றிச் சொல்லலாம்.

புதிய பதிப்பை ஏற்றியவுடன் பழைய கோப்புகளை மட்டும் அழித்துவிடக் கூடாது. காலையில் திறந்த பக்கத்தை மூடாமல் வைத்திருப்பவரின் உலாவி, மாலையில் ஒரு ஸ்கிரிப்டை அதன் பழைய பெயரைச் சொல்லித்தான் கேட்கும்.