தீபாவளி சீரியல் லைட்: மொத்தக் கடையில் ஒயரைப் பார்த்து வாங்குங்கள்

ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்பார்கள். நம் ஊரில் தீபாவளி அந்த அடைமழைக்குள்தான் வருகிறது; அது முடிந்து சில வாரங்களில் கார்த்திகை தீபமும் வந்துவிடும். டெல்லி பகீரத் பேலஸ் மார்க்கெட்டில் விற்கிற மாதிரியான சீரியல் செட்தான் சென்னை கோவிந்தப்ப நாயக்கன் தெருவிலும் ரிச்சி தெருவிலும் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. டெல்லியில் அந்த மாதம் காய்ந்த சுவரில் எரிந்துவிட்டுப் போகும். இங்கே நனைந்த பால்கனியில், இரும்பு கிரில்லில், ஈரக் கைக்குப் பக்கத்தில் எரிய வேண்டும். நிறத்தையும் நீளத்தையும் விலையையும் பார்த்து வாங்குகிறவர்கள் இந்த ஒன்றை நினைப்பதில்லை.

'எல்இடி தானே, 3 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது' என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஒற்றை எல்இடிக்கு அது சரி: சிவப்பு, மஞ்சளுக்குச் சுமார் 2 வோல்ட், நீலம், பச்சை, வெள்ளைக்குச் சுமார் 3 வோல்ட். ஆனால் நேரடியாக வீட்டு பிளக்கில் செருகும் செட்டில் 40, 50 எல்இடிகளை வரிசையாகக் கோத்து 230 வோல்ட்டில் விட்டிருக்கிறார்கள். மோட் மாற்றும் கன்ட்ரோலர் என்ற அந்தச் சின்னப் பெட்டியைத் திறந்தால் நான்கு டயோடு, ஒரு சில்லு, மூன்று கால் கொண்ட இரண்டு முதல் நான்கு சிறு பாகங்கள், ஒன்றிரண்டு ரெசிஸ்டர், அவ்வளவுதான் இருக்கும். மின்சாரத்தைப் பிரித்து வைக்கும் டிரான்ஸ்பார்மர் கிடையாது. ஆகவே முதல் பல்பிலிருந்து கடைசி பல்பு வரை எந்த இடத்தில் ஒயர் உரிந்திருந்தாலும் அதைத் தொடுவது சுவிட்ச்போர்டுக்குள் கை விடுவதற்குச் சமம்.

அப்போது, கரண்ட் அதிகமானால் தானே விழுந்து லைனை அணைக்கும் எம்சிபி சுவிட்ச் காப்பாற்றாதா? காப்பாற்றாது. 6 ஆம்ப் எம்சிபி விழ வேண்டுமென்றால் அதற்கு மேல் கரண்ட் ஓட வேண்டும். மனித உடல் வழியாகச் சில பத்து மில்லிஆம்ப் போனாலே உயிருக்கு ஆபத்து. எம்சிபிக்கு அது தெரியவே தெரியாது. தலைமுடி மாதிரி இரண்டு மூன்று இழை உள்ள ஒயரில் அரைகுறையாக ஷார்ட் ஆனால், எம்சிபி விழுவதற்கு முன்பே ஒயர் பழுத்து உறை உருகிவிடும். அந்த இடத்தில் திரைச்சீலையோ பந்தல் துணியோ இருந்தால் தீ பிடிக்கும். ஷாக்கிலிருந்து காப்பது, கரண்ட் கசிந்தவுடன் லைனை வெட்டிவிடும் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி சுவிட்ச்தான். உங்கள் வீட்டு போர்டில் அது இருக்கிறதா என்று லைட் வாங்கப் போவதற்கு முன்பே பாருங்கள். இருந்தால் அதிலுள்ள 'டி' பட்டனை ஒருமுறை அழுத்துங்கள், உடனே விழ வேண்டும். இல்லையென்றால் அந்த வருடத்து லைட் பட்ஜெட்டில் பாதியை அதற்கு ஒதுக்குங்கள் என்பதுதான் எங்கள் கருத்து.

இப்போது கடைக்கு வருவோம். மொத்தக் கடைகளில் எப்போதும் ரிட்டர்ன் வந்த டேமேஜ் பீஸ் கிடக்கும். நீங்கள் எடுக்கப்போகும் அதே மாடலில் ஒன்றைக் கேட்டு வாங்கி, ஒயரின் முனையை ஓர் அங்குலம் உரித்துப் பாருங்கள். பையில் ஒரு சின்னக் காந்தமும் ஒரு பிளேடும் இருந்தால் போதும். இழையைக் காந்தம் இழுத்தால் அது செம்பு முலாம் பூசிய இரும்பு. இழுக்காவிட்டால் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளியாக மின்னினால் முலாம் பூசிய அலுமினியம், கடைசிவரை சிவப்பாக இருந்தால் செம்பு. இரும்பும் அலுமினியமும் மடிக்க மடிக்க முறியும், ஈரம் பட்டால் சீக்கிரம் அரிக்கும். மொத்த விலை மலிவாக இருப்பதன் பெரும் ரகசியம் இந்த ஓர் அங்குலத்தில்தான் இருக்கிறது. உறையையும் விடாதீர்கள்: இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் அது இழையின் மேல் வழுக்கிக்கொண்டு நகரக் கூடாது, கூர்மையாக மடித்தால் வெள்ளைக் கோடு விழக் கூடாது. பிளக்கின் பின்களிலும் காந்தத்தை வைத்துப் பாருங்கள். பித்தளைப் பின்னைக் காந்தம் இழுக்காது. முலாம் பூசிய இரும்புப் பின், அதிலும் ஒல்லியாக இருந்தால், சாக்கெட்டில் லூஸாக நின்று பொறி தட்டிக் கருகும்.

அட்டைப் பெட்டியில் ஐஎஸ்ஐ போல ஏதோ ஒரு முத்திரை இருந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள். லைட்டிங் செயின் எனப்படும் இந்த வகை, இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் கட்டாயப் பதிவுக்குள் வருகிறது. முத்திரையோடு ஐஎஸ் 10322 என்ற தர எண்ணும், ஆர் என்ற எழுத்தை அடுத்து 8 இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் போட்டால் எந்தக் கம்பெனி, எந்தப் பொருள் என்று வரும். பெட்டியில் இருக்கும் பெயரும் ஆப்பில் வரும் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் வைத்துவிட்டு நகருங்கள். தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் முகவரி, எம்ஆர்பி, மாதம், வருடம் எதுவும் இல்லாத வெறும் பாலித்தீன் பாக்கெட் செட்டை எந்த விலைக்கும் எடுக்காதீர்கள்.

வெளியே மாட்டுவதற்கு, தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் ஐபி எண்ணும் முக்கியம். ஐபி20 என்றால் வீட்டுக்குள் மட்டும். ஐபி44 சாரலைத் தாங்கும். மொட்டை மாடி, காம்பவுண்ட் சுவர் என்றால் ஐபி65 கேளுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: பல செட்டுகளில் பல்புச் சரத்துக்கு மட்டும்தான் ஐபி65, கன்ட்ரோலர் பெட்டியும் பிளக்கும் மழைக்குத் தாங்காது. முடிந்தால் நேரடி 230 வோல்ட் செட்டை விட்டு, அடாப்டரோடு வரும் 12 அல்லது 24 வோல்ட் செட்டை வாங்குங்கள். விலை கூடுதல்தான். ஆனால் அடாப்டர் வீட்டுக்குள் இருக்கும், வெளியே நனைவது 24 வோல்ட் மட்டும். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இதைத் தவிர வேறு எதையும் நாங்கள் சொல்வதில்லை.

கடைக்காரர் 'எரியுது பாருங்க' என்று பத்து விநாடி காட்டுவார். அது போதாது. சாம்பிள் செட்டைப் பத்து நிமிடம் எரியவிட்டு, பிளக்கைக் கழற்றியபின் கன்ட்ரோலரைத் தொடுங்கள். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடோ, பிளாஸ்டிக் வாடையோ இருந்தால் வேண்டாம். எரியும்போதே பிளக் ஓரத்திலும் கன்ட்ரோலர் ஓரத்திலும் ஒயரை ஆட்டிப் பாருங்கள். மினுக்கினால் உள்ளே பற்றவைப்பு சரியில்லை. பெட்டியில் 10 மீட்டர் என்று போட்டிருந்தால் பிளக்கிலிருந்து முதல் பல்பு வரையுள்ள வெறும் ஒயரும் அதில் சேர்ந்திருக்கலாம், அளந்துகொள்ளுங்கள். வார்ம் ஒயிட் எடுப்பவர்கள் எல்லாவற்றையும் ஒரே கார்ட்டனிலிருந்து எடுப்பது நல்லது. இரண்டு லாட்டை அடுத்தடுத்து மாட்டினால் ஒன்று மஞ்சளாகவும் ஒன்று வெளிறியும் தெரியும்.

மீட்டர் கணக்கில் எல்இடி பட்டையை, அதாவது ஸ்ட்ரிப் வாங்குகிறவர்கள், வீட்டு கரண்ட்டை 12 வோல்ட்டாக மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ் கணக்கில்தான் ஏமாறுகிறார்கள். மீட்டருக்கு 60 எல்இடி உள்ள 5050 (5 மி.மீ. சதுர எல்இடி) ஸ்ட்ரிப் மீட்டருக்கு 14.4 வாட் இழுக்கும். 5 மீட்டர் ரோலுக்கு 72 வாட், அதாவது 12 வோல்ட்டில் 6 ஆம்ப். 'இது போதும் சார்' என்று 5 ஆம்ப் எஸ்எம்பிஎஸ் கொடுத்தால் அன்று இரவு எரியும், சூடாகி ஒருசில நாளில் போகும். கால் பங்கு கூடுதலாக வைத்து 8 ஆம்ப்புக்குக் குறையாமல் வாங்குங்கள். இரண்டு ரோலை நீளவாக்கில் ஒட்டவைத்தால் கடைசி மங்கும், கலர் ஸ்ட்ரிப்பில் வெள்ளை சிவப்பேறும். ஒவ்வொரு ரோலுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி ஒயர் இழுங்கள். ரோலைப் பிரிக்காமல் சுருளாகவே வைத்து நீண்ட நேரம் டெஸ்ட் செய்ய வேண்டாம், சூடு வெளியேறாது.

தண்ணீர் ஊற்றினால் எரியும் பிளாஸ்டிக் அகல் விளக்குகள் டஜன் கணக்கில் விற்கின்றன. அடியிலிருக்கும் மூடியைப் பாருங்கள். ஸ்க்ரூ போட்டு மூடியிருக்க வேண்டும். நகத்தால் திறக்கும் மூடியென்றால் உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி குழந்தையின் வாய்க்குப் போகும். உணவுக்குழாயில் சிக்கிய பட்டன் பேட்டரி 2 மணி நேரத்துக்குள் கடுமையாகப் புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே வீட்டில் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

நல்ல செட்டையும் மாட்டும் விதத்தில் கெடுத்துவிடலாம். அதிகம் பார்ப்பது கட்டுக்கம்பி. கிரில்லில் சரத்தை வைத்துக் கட்டுக்கம்பியால் முறுக்குவார்கள். கம்பி உறையை அறுத்து உள்ளே இழையைத் தொடும். அந்த நொடியிலிருந்து கிரில் முழுவதும் கரண்ட். துணி காயப்போடும் கம்பி அதோடு சேர்ந்திருந்தால் அதிலும். பிளாஸ்டிக் கேபிள் டேக் மட்டும் பயன்படுத்துங்கள், அதையும் இறுக்கிவிடாதீர்கள். வெளியிலிருந்து உள்ளே வரும் ஒயர், பிளக்கைவிடக் கீழே ஒரு வளையமாகத் தொங்கி மேலேறட்டும். மழைநீர் வளையத்தின் அடியில் சொட்டிவிடும், சாக்கெட்டுக்குள் வழியாது. இணைப்பின் மேல் பாலித்தீன் பையைச் சுற்றிக் கட்டுவது தவறு; உள்ளே போன தண்ணீர் வெளியே வராது. ஒரு செட்டின் வாலில் அடுத்ததைக் கோப்பவர்கள் கடைசி வாலின் மூடியைத் தொலைத்துவிடுகிறார்கள், அங்கே திறந்து நிற்கும் பின்களில் முழு வோல்டேஜ் இருக்கிறது. ஒரு பல்பு போனால் அதை வெட்டியெறிந்து இரண்டு முனையையும் முறுக்கிவிடும் பழக்கமும் வேண்டாம். மீதிப் பல்புகளுக்குக் கரண்ட் கூடும், ஒன்றன்பின் ஒன்றாகப் போகும், முறுக்கிய இடம் மழையில் திறந்தே கிடக்கும். ஆர்சிசிபி அடிக்கடி விழுந்தால் அதைச் சுற்றி நேரடி லைன் கொடுக்கச் சொல்லாதீர்கள். எந்தச் சரத்தில் கசிகிறது என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்து அந்தச் சரத்தை ஒதுக்குங்கள்.

கோவிந்தப்ப நாயக்கன் தெரு இருக்கும் பாரிமுனைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை வழக்கமாகப் பல கடைகள் மூடியிருக்கும். தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு, வார நாளில் காலையில் போனால் டெஸ்ட் செய்ய இடமும் பொறுமையும் இருக்கும். கடைசி வாரத்தில் இரண்டும் இருக்காது. ஜிஎஸ்டி 18% மிச்சமாகும் என்று பில் இல்லாமல் வாங்கினால், எரியாத செட்டை மாற்றிக் கேட்கவோ 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லவோ கையில் ஆதாரம் இருக்காது.

தீபாவளி முடிந்ததும் சரத்தைத் துடைத்து நிழலில் காயவைத்து, அட்டையில் தளர்வாகச் சுற்றி வையுங்கள். கார்த்திகைக்கு எடுக்கும்போது பல்பின் காலருகே பச்சை படிந்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, அந்தச் செட் இனி வெளியே மாட்டுவதற்கில்லை. தூக்கிப் போடுவதென்றால் பிளக்கை ஒட்ட வெட்டிவிட்டுப் போடுங்கள். குப்பையில் முழுதாகக் கிடந்தால் யாராவது ஒரு பிள்ளை எடுத்துக்கொண்டு போய்ச் செருகிப் பார்க்கும்.