குளக்கரைக் காற்று எங்கிருந்து வருகிறது?

கன்னியாகுமரி மாவட்டத்துச் சுசீந்திரம் குளத்தின் கரையில் மாலை நடை போகிறவர்களும், தேரூர் வழியாக மிதிவண்டியில் செல்கிறவர்களும் அங்கே வீசும் காற்றைக் குளத்துக் காற்று என்றே சொல்வார்கள். குளம்தான் அதை உண்டாக்குகிறது என்ற எண்ணம் இயல்பானது. ஊருக்குள் இலை அசையாத நேரத்திலும் கரைக்கு வந்ததும் சட்டை படபடக்கிறது. ஆனால் அந்தக் காற்றில் குளத்தின் சொந்தப் பங்கு மிகக் குறைவு. கடலும் மலைக்கணவாயும் அனுப்புகிற காற்றைத் தடுக்காமல் விடுவதுதான் குளம் செய்யும் முதல் வேலை. எந்த நேரத்தில், எந்தப் பக்கமாகக் குளத்தைச் சுற்றி வரலாம் என்பதை முடிவு செய்ய இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது உதவும்.

நீரும் நிலமும் அருகருகே இருந்தால் காற்று பிறக்கும் என்பது உண்மையே. ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 4,200 ஜூல் வெப்பம் தேவை. உலர்ந்த மண்ணுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு போதும். அதனால் பகலில் நிலம் முந்திச் சூடாகிறது, அதன் மேலுள்ள காற்று விரிந்து எழுகிறது, நீரின் பக்கமிருந்து குளிர்ந்த காற்று அந்த இடத்தை நோக்கி வருகிறது. ஆனால் இந்தச் சுழற்சி வலுப்பெற, நீர்ப்பரப்பு பல கிலோமீட்டர் அகலம் இருக்க வேண்டும். 2022இல் ராம்சார் தலங்களாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களாக, அறிவிக்கப்பட்ட நமது மாவட்டத்தின் இரண்டு ஈரநிலங்களில் சுசீந்திரம்–தேரூர் வளாகத்தின் பரப்பு சுமார் 94 ஹெக்டேர். வேம்பனூர் வளாகம் 20 ஹெக்டேருக்கும் சற்றுக் குறைவு. இவ்வளவு சிறிய பரப்பு தானாக உண்டாக்கும் காற்று, வெளியிலிருந்து வரும் எந்தக் காற்றின் முன்னும் நிற்காது. பத்து கிலோமீட்டருக்குள்ளாகவே மணக்குடிக் கடல் இருக்கும்போது குளத்துக்கு அந்த வேலையும் மிச்சம். முற்பகலில் மெல்லத் தொடங்கிப் பிற்பகலில் வலுக்கிற கடற்காற்று, பழையாற்றுச் சமவெளியின் வயல்களுக்கு மேலாகக் குளங்களை எட்டிவிடுகிறது.

இரண்டாவது மூலம் ஆரல்வாய்மொழிக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலை தென்கோடியில் தாழ்ந்து இடைவெளி விடுகிற இடம் அது. தென்மேற்குப் பருவக்காலத்தில் மலைச்சுவரில் மோதி வழி தேடும் காற்று, இந்தக் குறுகிய வாயில் நெருக்கப்பட்டு வேகம் கூடுகிறது. முப்பந்தலின் காற்றாலைகள் அங்கே நிற்பதற்கும் அதுவே காரணம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதைத் தோவாளைப் பக்கம் மிதிவண்டி ஓட்டியவரிடம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கணவாயை நோக்கிப் போகப் போகக் காற்றின் வேகம் கூடும்; இராஜாக்கமங்கலம், வேம்பனூர் பக்கம் வந்துவிட்டால் கடற்காற்றின் கைதான் ஓங்கியிருக்கும்.

அப்படியானால் குளத்தால் என்ன ஆகிறது? வீடும் மரமும் வரப்பும் பயிரும் காற்றின் அடிப்பகுதியைப் பிடித்து இழுத்துத் தாமதப்படுத்துகின்றன. நீர்ப்பரப்பில் அந்த உராய்வு மிகக் குறைவு. ஆகையால் திறந்த நீருக்கு மேல் சில நூறு மீட்டர் ஓடிய காற்று, தலை உயரத்தில் வேகம் கூடி எதிர்க்கரையை அடைகிறது. காற்று நீருக்குள் நுழையும் கரையில் நிற்பவரைவிட, அது நீரைக் கடந்து வந்து சேரும் கரையில் நிற்பவருக்கே அதிகக் காற்று கிடைக்கும். மேற்கிலிருந்து வீசும் மாலையில் கிழக்குக் கரைதான் காற்று வாங்குவதற்கு ஏற்ற இடம்.

இதைக் கருவி எதுவுமின்றி நீரைப் பார்த்தே கண்டுகொள்ளலாம். காற்று புகும் கரையை ஒட்டிச் சில மீட்டர் அகலத்துக்கு நீர் வழவழப்பாக வானத்தைக் காட்டும். அதற்கு அப்பால் விரலகல அலைகள் எழும். எதிர்க்கரையை நெருங்கும்போது அவை நீண்டு கரைக்கல்லில் சளப்பென்று அடிக்கும். வலுத்த காற்று ஒன்று இறங்கினால், அது தொட்ட இடம் மட்டும் கருத்து, அந்தக் கருநிறத் திட்டு நீரின் மேல் நகர்ந்து வருவது தெரியும். சிற்றலைகள் எழுந்ததும் நீர்ப்பரப்பின் சாய்வு மாறி, அடிவானத்தின் வெளிச்சத்துக்குப் பதிலாக உச்சி வானத்தின் அடர்ந்த நீலத்தையும் நீரின் உள்நிறத்தையும் அது காட்டுவதே இந்தக் கருமைக்குக் காரணம். திட்டு கரையைத் தொட்ட மறுகணம் காற்று முகத்தில் படும். தாமரை அடர்ந்த பகுதியில் நுழைந்ததும் அலை சில மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. தண்டுகளும் மிதக்கும் இலைகளும் அலையின் ஆற்றலை உறிஞ்சிவிடுகின்றன. தாமரை மூடிய ஓரத்தில் நின்றுகொண்டு நீரை மட்டும் பார்த்துக் காற்றில்லை என்று முடிவு செய்தால் ஏமாந்து போவோம்.

இனி, குளிர்ச்சிக்கு வருவோம். நீர் ஆவியாகும்போது கிலோவுக்கு ஏறக்குறைய 24 லட்சம் ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. வெயில் காலத்தில் குளம் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால், ஒவ்வொரு சதுர மீட்டரிலிருந்தும் 5 லிட்டர் போகிறது; அதோடு போகும் வெப்பம் மின்கணக்கில் மூன்று யூனிட்டுக்கும் மேல். புத்தளம் உப்பளங்களில் உப்பு விளைவதும் இதே ஆவியாதலால்தான். அங்கே அது வருமானம், குளத்தில் அது இழப்பு. ஆனால் இந்த வெப்பத்தின் பெரும்பகுதி காற்றிலிருந்து அல்லாமல் நீரிலிருந்தும் அதன் மேல் விழும் வெயிலிலிருந்துமே எடுக்கப்படுகிறது. நீர் சூடேறாமல் இருக்கிறது. அதனால் தன் மேல் ஓடும் காற்றை அது சூடாக்குவதில்லை. 500 மீட்டர் அகலமுள்ள குளத்தை நொடிக்கு 5 மீட்டர் வேகக் காற்று 100 நொடியில் கடந்துவிடும். அந்தச் சிறு நேரத்தில் காற்றின் வெப்பநிலை பெரிதாகக் குறைய வழியில்லை.

வெப்பமானி அதிகம் காட்டாத குளிர்ச்சியை உடல் உணர்வதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. நண்பகல் வெயிலில் 55 டிகிரி வரை சூடேறிய தார்ச்சாலை, 30 டிகிரியில் இருக்கும் நீரைவிட ஒவ்வொரு சதுர மீட்டரிலிருந்தும் சுமார் 170 வாட் அதிகமாக வெப்பக் கதிர்களை வீசுகிறது. சாலையில் நடப்பவர் மேலே சூரியனாலும் கீழே சாலையாலும் சூடாகிறார். குளக்கரையில் ஒரு பக்கமாவது இந்தக் கீழ்ச்சூடு இல்லை. இதற்கும் ஒரு விலக்கு உண்டு. உச்சிவெயிலில் தன் மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு இரண்டு பங்கை மட்டுமே திருப்பி அனுப்பும் நீர், சூரியன் அடிவானத்துக்கு 10 டிகிரி மேலே இருக்கும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திருப்பி அனுப்புகிறது. மாலை ஐந்தரை மணிக்குக் கிழக்குக் கரையில் மேற்கு நோக்கி மிதிவண்டி ஓட்டுகிறவருக்கு வானிலிருந்து ஒரு சூரியனும் நீரிலிருந்து ஒரு சூரியனும் கண்ணைக் கூசச் செய்யும். காற்றுக்கு உகந்த அதே கரை கண்ணுக்கு உகந்ததாக இருப்பதில்லை.

மிதிவண்டிக்காரர் கவனிக்க வேண்டிய கணக்கு இதைவிடச் சுவையானது. வண்டியும் ஆளும் சேர்ந்து 85 கிலோ என்று கொள்வோம். காற்றில்லாத சமதரையில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்லச் சுமார் 50 வாட் ஆற்றல் போதும். அதில் சரிபாதிக்குச் சற்று அதிகமான பங்கு காற்றைக் கிழிக்கவும், மிச்சம் டயரின் உராய்வுக்கும் செலவாகிறது. எதிரே மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், உடலில் மோதும் காற்றின் வேகம் 33 ஆகிறது. காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அதே வேகத்தில் செல்ல இப்போது 150 வாட் வேண்டும். அந்த மூன்று மடங்கு உழைப்புக்குத் துணியாமல் அதே 50 வாட்டில் மிதித்தால், வேகம் மணிக்கு 7 கிலோமீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். வேகமாக நடப்பவர் கூடவே வரலாம்.

போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று, இரண்டும் சரியாகிவிடும் என்று பலரும் நினைப்பதுண்டு. சரியாவதில்லை. மூன்று கிலோமீட்டர் தூரத்துக்குப் போய்த் திரும்ப, காற்றில்லாத நாளில் ஒவ்வொரு பக்கமும் 12 நிமிடம் ஆகும். மேலே சொன்ன காற்றில் போக 24 நிமிடம், வர 7 நிமிடம். இழந்தது 12, மீண்டது 5. குளத்தை வட்டமாகச் சுற்றினாலும் கதை இதுவே. பக்கவாட்டுக் காற்றும் தடையைக் கூட்டுவதால், சுற்றில் பாதிக்கு மேல் எதிர்க்காற்றாகவே தோன்றும்.

இதில் உடலின் சூடும் சேர்கிறது. தசைகள் எரிக்கும் ஆற்றலில் கால்வாசி மட்டுமே மிதியாக மாறுகிறது, மிச்சம் வெப்பம். 150 வாட் மிதிப்பவரின் உடலில் சுமார் 450 வாட் வெப்பம் உண்டாகிறது. அதை வியர்வை ஒன்றினாலேயே வெளியேற்றுவதானால், மணிக்கு ஏழு நூறு மில்லிலிட்டர் வரை ஆவியாக வேண்டும். எதிர்க்காற்றில் அது எளிது, ஏனெனில் தோலை ஒட்டிய ஈரக்காற்றை அது உடனுக்குடன் துடைத்துச் செல்கிறது. பின்காற்றில் வண்டியும் காற்றும் ஒரே வேகத்தில் போகும்போது, உடலைச் சுற்றிக் காற்றே இல்லாதது போலாகும். நம் கடலோர ஈரப்பதத்தில் வியர்வை காயாமல் வழியும். களைப்பு எதிர்க்காற்றிலும் புழுக்கம் பின்காற்றிலும் என்று பிரிந்து நிற்பதன் காரணம் இதுதான். புறப்படும்போதே காற்றை எதிர்த்துப் போய்விட்டால், தெம்பு இருக்கும்போது கடினமான பாதி முடிந்துவிடும்.

கரைகள் சமமாக இருப்பது தற்செயலன்று. 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையிலிருந்து சானல்கள் எனப்படும் பாசனக் கால்வாய்கள் வழியாக வரும் நீர், கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய சரிவில்தான் ஓடுகிறது. குளத்து நீரோ முழுச் சமமட்டம். நீரின் மட்டத்தை ஒட்டிக் கட்டிய கரையின் மேல் ஓடும் பாதைக்கும் ஏற்ற இறக்கம் இருக்க முடியாது. நூற்றுக்கு ஒரு பங்கு ஏற்றம்கூட நமது கணக்கிலுள்ள வண்டிக்கு 35 வாட் கூடுதல் சுமை என்பதால், சானல்கரைகளும் குளக்கரைகளும் மிதிவண்டிக்கு ஏற்றவை. காற்று பலமான நாளில் கரையின் மேல் ஓட்டுவதைவிட, வயல்பக்கம் அடிக்கரையில் வழியிருந்தால் அங்கே இறங்கிவிடலாம். கரையும் தென்னை வரிசையும் தம் உயரத்தைப் போலப் பல மடங்கு தூரத்துக்குக் காற்றின் வேகத்தைக் குறைக்கும்.

அக்டோபருக்குப் பிறகு தேரூரில் பறவை பார்க்க வருகிறவர்கள் வெப்பக்காற்றின் இன்னொரு விளைவைக் காணலாம். மஞ்சள்மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் காலையில் நீரிலேயே இருக்கும். வெயில் ஏறியதும் எழுந்து, சிறகை அசைக்காமல் வட்டமிட்டு உயரும். அவை வட்டமிடுவது பெரும்பாலும் குளத்துக்கு மேலே அல்ல. சூடேறிய தரிசுக்கும் சாலைக்கும் ஊருக்கும் மேலே. எழும் வெப்பக்காற்றுத் தூண்கள் நிலத்தில்தான் பிறக்கின்றன, குளிர்ந்த நீரின் மேல் அவை வலுப்பெறுவதில்லை.

சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் நடைக்கு ஓர் எச்சரிக்கை தேவை. கடற்காற்று கொண்டுவரும் ஈரம் மலைச்சரிவில் மேலெழுந்து இடிமேகமாகத் திரள்கிறது. மழை பெய்யத் தொடங்கிய மேகத்திலிருந்து குளிர்ந்த கனமான காற்று கீழே இறங்கி நாலாபுறமும் பரவும். அதனால் கடற்பக்கமிருந்து வீசிக்கொண்டிருந்த காற்று திடீரென நின்று, சற்று நேரத்தில் மலைப்பக்கமிருந்து சில்லென்று வீசினால், மேகம் அருகில் வந்துவிட்டது என்று பொருள். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க மூன்று நொடி ஆகிறது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே முப்பது நொடிக்குக் குறைவாக இருந்தால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, அடுத்தது இன்னும் அருகில் விழலாம். மரமில்லாத கரையில் உயரமான பொருள் மிதிவண்டியில் இருப்பவர்தான். தனித்து நிற்கும் பனை இருந்தால் அதன் அடி இன்னும் மோசமான இடம். கரையை விட்டு இறங்கி, கட்டடத்துக்குள்ளோ மூடிய வண்டிக்குள்ளோ போய், கடைசி இடியோசைக்குப் பிறகு அரைமணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும்.