பச்சைக் கதவில் ஒரு பழுப்புக் கோடு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இடித்த ஒரு வீட்டின் இரட்டைக் கதவு, பழைய மரக் கடையில் எனக்குக் கிடைத்தது. நன்றாக வைரம் பாய்ந்த தேக்கு. ஒரு கதவின் பலகைகளைப் பிரித்து ஒட்டி, ஏற்காட்டில் இருக்கும் அக்கா வீட்டுக்கு மூன்றடி அகலச் சாப்பாட்டு மேசை செய்வித்தேன். சித்திரை வெயிலில் மேசை இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மலையேறியது. ஐப்பசி மழையில் அதன் நடுப்பகுதி ஆமை முதுகுபோல் எழும்பிவிட்டது.

பழைய மரம் காய்ந்து அடங்கிவிட்டது, இனி அசையாது என்று நம்பியிருந்தேன். பாதிதான் உண்மை.

மரம் என்பது நுண்ணிய குழாய்களின் கட்டு. வெட்டிய மரம் காயும்போது முதலில் குழாய்க்குள் இருக்கும் தண்ணீர் வெளியேறுகிறது. மரம் அப்போது சுருங்குவதில்லை. காய்ந்த எடையோடு ஒப்பிட்டால் ஈரம் சுமார் 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிய பிறகுதான், குழாயின் சுவரில் பிணைந்திருக்கும் தண்ணீர் விடுபடத் தொடங்குகிறது. சுருக்கமும் அங்கேதான் ஆரம்பம். அந்தச் சுவர் எத்தனை ஆண்டானாலும் சுற்றியுள்ள காற்றோடு கொடுக்கல் வாங்கலை நிறுத்துவதில்லை. காற்றின் ஈரப்பதம் 40 விழுக்காடு என்றால் மரத்தில் 8 விழுக்காட்டை ஒட்டிய ஈரம் தங்கும். 80 என்றால் 16.

சேலம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரில். கீழே 35 டிகிரி வெப்பத்தில் 40 விழுக்காடு ஈரப்பதம் கொண்ட காற்று, மலையேறி 25 டிகிரிக்குக் குளிர்ந்தால், ஒரு சொட்டு நீர்கூடச் சேராமலே 60 விழுக்காட்டைத் தாண்டிவிடும். அதன் மேல் மழையும் மூடுபனியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் உப்புவதில்லை. நீளவாட்டில் மாற்றம் இல்லை என்றே சொல்லலாம். மையத்திலிருந்து பட்டை நோக்கி ஓரளவு. வளையங்களை ஒட்டிச் சுற்றுவாக்கில் அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக்கை வட்டமாக அறுத்து முக்காலி செய்கிறவர்களுக்கு இந்த இரண்டு மடங்கின் விளைவு தெரியும். சுற்றளவு வேகமாகச் சுருங்க, ஆரம் அதற்கு ஈடுகொடுக்காது; வட்டம் கேக்கில் ஒரு துண்டு எடுத்ததுபோல் மையம்வரை பிளந்துகொள்ளும். அது மரத்தின் குறையில்லை, வடிவக் கணக்கு.

அசையாது என்று நான் நம்பிய தேக்குக்கும் இதே கணக்குதான், அளவு மட்டும் குறைவு. 8 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காட்டுக்கு ஈரம் ஏறினால், மூன்றடிப் பலகை ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் அகலமாகலாம். என் மேசையிலோ இரண்டு ஓரங்களும் சட்டத்தோடு இறுக்கித் திருகப்பட்டிருந்தன.

“பலகையை இப்படி முடக்கிவிட்டால் அது எங்கே போகும், சொல்லுங்கள்?” என்றார் பார்க்க வந்த ஆசாரி. பிறகு என் வீட்டுக்கு வந்தபோது, சுவரில் சாய்ந்திருந்த மற்றொரு கதவைக் காட்டினார். பச்சை வண்ணம் பூசிய கதவு. சட்டத்தில் வெட்டிய நீளப் பள்ளமான காடிக்குள் நுழையும் இடத்தில், பலகையின் ஓரமாக, வண்ணம் படாத பழுப்புக் கோடு ஒன்று ஓடியது. நகத்தால் தொட்டுப் பார்த்தேன். ஒரு தீக்குச்சியின் அகலம். பலகை உப்பியிருந்த மழைக்காலத்தில் யாரோ வண்ணம் அடித்திருக்கிறார்கள். கோடையில் பலகை சுருங்கி, காடிக்குள் ஒளிந்திருந்த பகுதி வெளியே வந்திருக்கிறது. அந்தக் காலத்து ஆசாரி பலகையைக் காடியில் ஒட்டவே இல்லை. சட்டக் கட்டையின் முனையில் செதுக்கிய கழுந்தை மட்டும் துளையில் இறுக்கியிருக்கிறார். சட்டம் நிலைக்கும், பலகை நடமாடும்.

வயதுக்கும் ஒரு பலன் உண்டு. சுவரிலுள்ள பொருள்களில் தண்ணீரை மிகுதியாக இழுப்பது ஹெமிசெல்லுலோஸ். அது காலப்போக்கில் மெல்லச் சிதைவதால், பழைய மரம் புதியதைவிடச் சற்றுக் குறைவாக ஈரம் ஏற்கும். சற்றுத்தான். கோணுவதும் வெடிப்பதும் பெரும்பாலும் முன்பே முடிந்திருக்கும். ஆனால் கரையானைத் தேக்கிடம் அண்டவிடாமல் வைப்பது வயது அல்ல, மரத்தின் உள்பக்கத்து வைரப் பகுதியிலுள்ள டெக்டோகுவினோன் போன்ற வேதிப்பொருள்கள். ஓரத்து வெள்ளைப் பகுதிக்கு நூறு வயதானாலும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. வார்னிஷ் ஈரத்தைத் தாமதப்படுத்தும், தடுக்காது.

அந்தக் கதவின் பச்சையை நான் சுரண்டவில்லை. வீட்டு வண்ணங்களில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016இல்தான் வந்தது. பழைய வண்ணத்தை உலர்வாகத் தேய்த்தால் ஈயத் தூள் வீடெங்கும் பறக்கலாம். முதல் கதவை இழைக்கக் கொடுத்தபோது இது எனக்கு உறைக்கவில்லை.

மேசைக்கு ஆசாரி செய்த வைத்தியம் எளிது. நடுவில் மட்டும் திருகை இறுக்கினார். ஓரத்துத் திருகுத் துளைகளை, நார் ஓட்டத்துக்குக் குறுக்காக நீள்துளைகளாக்கினார். பலகையின் ஓரம் முடியும் இடத்தில், கீழே சட்டத்தில் பென்சிலால் ஒரு கோடும் போட்டார்.

அடுத்த சித்திரையில் அக்கா மேசைக்கு அடியில் குனிந்து அளந்தாள். பலகை கோட்டிலிருந்து நான்கு மில்லிமீட்டர் உள்ளே போயிருந்தது. பக்கத்திலேயே தேதியை எழுதிவைத்தாள்.