பி செல்லைப் பிழைக்கவைக்கும் என்சைம்

எலும்பு மஜ்ஜையில் தினமும் கோடிக்கணக்கில் பி செல்கள் உருவாகின்றன. கிருமியைப் பிடிக்கும் புரதமான ஆன்டிபாடியைச் செய்யும் வெள்ளணுக்கள் இவை. பெரும்பாலானவை ரத்தத்தை எட்டிப் பார்க்காமலேயே செத்தும் போகின்றன. சும்மா விட்டால் பி செல் தானாக மடிந்துவிடும்; பிழைத்திருக்க உள்ளே சிக்னல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

அதைக் கடத்தும் முக்கியமான ஆள் பி.டி.கே. (புரூட்டன் டைரோசின் கைனேஸ்) என்ற கைனேஸ் என்சைம். செல்லின் எரிபொருள் மூலக்கூறான ஏ.டி.பி.யிலிருந்து ஒரு பாஸ்பேட்டைக் கழற்றி வேறொரு புரதத்தில் ஒட்டுவதுதான் அதன் வேலை. வளரும் பி செல், ஆன்டிபாடியின் ஒரு பகுதியான கனச் சங்கிலியை முதலில் செய்து மேற்பரப்பில் நீட்டும். அது சரியாக அமைந்தால் சிக்னல் கிளம்பும். பி.டி.கே. உடனே பி.எல்.சி. காமா 2 என்ற என்சைமில் பாஸ்பேட்டை ஒட்டும். செல்லுக்குள் கால்சியம் ஏறும். ஜீன்களை இயக்கும் புரதமான என்.எஃப். கப்பா பி உட்கருவுக்குள் நுழைந்து, சாவைத் தடுக்கும் புரதங்களின் ஜீன்களை முடுக்கிவிடும்.

பி.டி.கே. கெட்டுப்போனால்? அடிக்கடி நிமோனியா வரும் ஒரு பையனைக் கடலூரிலிருந்து கோரிமேடு ஜிப்மருக்குக் கூட்டி வருகிறார்கள் என்று வையுங்கள். ரத்தப் பரிசோதனையில் லிம்போசைட் (பி செல், டி செல் அடங்கிய வெள்ளணு வகை) எண்ணிக்கை ஏறக்குறைய சரியாகவே இருக்கலாம். அதில் பெரும்பங்கு டி செல்தானே. ஆனால் “ஆ காட்டு தம்பி” என்று டார்ச் அடிக்கும் டாக்டருக்கு, டான்சில் இருக்க வேண்டிய இடம் காலியாகத் தெரியும். டான்சிலில் நிறைந்திருப்பது பி செல். பிறந்து ஆறு மாதம்வரை அம்மாவின் ஆன்டிபாடி காப்பாற்றுவதால் குறை வெளியே தெரியாது. ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பாதிக்கப்படுவது அநேகமாக ஆண் குழந்தைகளே.

இந்த நோயை 1952-இல் 8 வயதுச் சிறுவனிடம் கண்டு எழுதியவர் அமெரிக்க ராணுவ மருத்துவர் ஆக்டன் புரூட்டன். ஜீன் பிடிபட்டது 1993-இல். என்சைமுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். சிகிச்சை இன்றைக்கும் அவர் காட்டிய வழிதான்: பிறர் ரத்தத்தில் இருந்து பிரித்த ஆன்டிபாடியை வாழ்நாள் முழுக்க ஏற்றுவது. (இந்தக் குழந்தைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து கூடாது, ஊசிதான். எதிர்ப்புசக்திக் குறை இல்லாத மற்ற குழந்தைகளுக்குச் சொட்டு மருந்தைப் பற்றிப் பயப்படத் தேவையில்லை.)

சில ரத்தப் புற்றுநோய்களில் கதை தலைகீழ். அங்கே பி செல் சாக மறுக்கிறது, அதுவும் பி.டி.கே. தயவில். 2013-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இப்ருடினிப் என்ற மருந்து, என்சைமின் 481-ஆம் இடத்து சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் கழலாமல் ஒட்டி அதை முடக்குகிறது. புற்றுசெல்லும் லேசுப்பட்டதல்ல, சில நோயாளிகளில் அந்தச் சிஸ்டீனையே செரின் என்ற வேறொரு அமினோ அமிலமாக மாற்றிக்கொண்டு தப்பிக்கிறது. அதற்காகவே ஒட்டுவதற்குச் சிஸ்டீன் தேவைப்படாத பிர்டோப்ருடினிப் என்ற மருந்து 2023-இல் வந்தது.