லேஸ் தொப்பி பெரிதாகிவிட்டதா? முதலில் மாதிரித் துண்டைப் பாருங்கள்

"டீச்சர், எண்ணிக்கை ஒண்ணுகூடத் தப்பல. பின்னி முடிச்சதும் அம்மா தலைக்குக் கச்சிதமா இருந்துச்சு. அலசிக் காயப்போட்டதும் இப்படி ஆயிடுச்சு."

என் மாணவி அந்தத் தொப்பியைத் தலையில் வைத்துக் காட்டினார். புருவத்தைத் தாண்டி இறங்கியது. இலை வடிவ லேஸ், அதாவது ஓட்டை ஓட்டையாக வரும் பின்னல்; ஒரு பிழை இல்லை. மூன்று வாரம் இரவு இரவாக உட்கார்ந்து பின்னியது. "எனக்குக் கை வரல" என்றார். அவர் கைக்கு ஒரு குறையும் இல்லை. பின்னல் கற்றுத்தரும் இத்தனை வருடங்களில் இந்த வார்த்தையை நான் கேட்காத மாதமே இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் எடுத்த பின்னல் குறிப்பில் 10 செ.மீ.க்கு 20 கண்ணி (ஊசியில் விழும் நூல் வளையம்). 96 கண்ணி போட்டால் சுற்றளவு 48 செ.மீ. தலை 54 செ.மீ. தொப்பி தலையைவிட ஐந்தாறு செ.மீ. குறைவாக இருந்தால்தான் பிடித்து நிற்கும், ஆகவே கணக்கு சரி. அளவு பார்க்க முதலில் பின்னும் சிறு மாதிரித் துண்டும் பின்னிப் பார்த்திருக்கிறார். ஆனால் லேஸ் இல்லாமல் வெறும் நிட்டாக (சாதாரண நேர்க்கண்ணி), நனைக்காமல். லேஸில் நூலைச் சுற்றி எடுத்த ஒவ்வொரு ஓட்டையும் தண்ணீர் பட்டதும் விரியும். நனைந்து காய்ந்த தொப்பியை அளந்தோம்: 10 செ.மீ.க்கு 18 கண்ணிதான். 96 கண்ணிக்கு 53 செ.மீ. வந்துவிட்டது. இரண்டே கண்ணி வித்தியாசம், தொப்பி தலையில் நிற்கவில்லை.

ஆகவே மாதிரியை லேஸிலேயே பின்னுங்கள், அலசுங்கள், நன்றாகக் காய்ந்த பிறகு அளந்து பாருங்கள். இன்னொன்று, அதையும் தொப்பி போலவே வட்டப் பின்னலாக, திருப்பாமல் ஒரே திசையில் பின்ன வேண்டும். வட்டத்தில் எப்போதும் பின்னலின் முன்பக்கம்தான் நம்மைப் பார்த்திருக்கும், சாதாரணச் சுற்றெல்லாம் நிட். திருப்பித் திருப்பிப் பின்னினால் ஒரு வரி விட்டு ஒரு வரி பர்ல் (நிட்டின் மறுபக்கக் கண்ணி) வரும். பலருக்குப் பர்ல் கொஞ்சம் தளர்வாக விழும். அந்தத் துண்டை நம்பிப் பின்னினால் தொப்பி இறுகிப்போகும். சிறு துண்டை வட்டமாகப் பின்ன வழி இருக்கிறது: வட்ட ஊசியில் (இரண்டு முனைகளை வளையும் கம்பி இணைக்கும் ஊசி) ஒரு வரி முடிந்ததும் திருப்பாமல், கண்ணிகளை ஊசியின் மறுமுனைக்குத் தள்ளுங்கள். நூலைத் துண்டின் பின்னால் தளர்வாகக் கொண்டுவந்து, மறுபடி வலமிருந்து ஆரம்பியுங்கள். பின்புறம் நூல் தொங்கும், பரவாயில்லை. லேஸ் வடிவம் ஒருமுறை முழுதாக வருவதை 'பூ' என்போம்; பூவுக்கு 8 கண்ணி என்றால் மூன்று பூவாவது பின்னி, அந்த 24 கண்ணியை மட்டும் அளக்கவும். ஓரம் எப்போதும் பொய் சொல்லும்.

அளவு பெரிதாக வந்தால் முதலில் ஊசியை அரை மி.மீ. குறைத்துப் பாருங்கள். லேஸின் அழகு போய்விட்டால் ஒரு பூவைக் குறைக்கலாம். 12 பூவுக்குப் பதில் 11, அதாவது 88 கண்ணி. 18 கண்ணிக் கணக்கில் 49 செ.மீ. வரும்.

வட்டமாக இணைக்கும் முன் கண்ணிகள் முறுக்கிக்கொள்ளாமல், அடிவிளிம்பு முழுக்க உள்பக்கம் பார்த்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில சுற்று பின்னிவிட்டால், பிரிக்காமல் இதைச் சரிசெய்ய முடியாது. ஒவ்வொரு பூவுக்கும் ஒரு அடையாள வளையம் போட்டு, லேஸ் சுற்று முடிந்ததும் எட்டெட்டாக எண்ணுங்கள். சுற்றின் கடைசியில் சுற்றி எடுத்த நூல்தான் வளையத்தைத் தாண்டி வழுக்கிக் காணாமல் போகும். ஒரு பூ முடிந்த சாதாரணச் சுற்றில் மெல்லிய பருத்தி நூலை எல்லாக் கண்ணிகளிலும் கோத்து விட்டுவிடுங்கள். மேலே தப்பினால் அதுவரை பிரித்தால் போதும்.

என் மாணவி முழுவதையும் பிரித்தார். நூலைச் சிட்டமாகச் சுற்றி, நனைத்து, காயவைத்து, நெளிவு போனபின் 88 கண்ணியில் ஆரம்பித்தார். இந்த முறை அலசிய தொப்பியைத் தட்டின்மேல் விரித்துக் காயவைத்தார், ரிப் பகுதியை (இழுபடும் விளிம்புப் பட்டை) மட்டும் இழுக்காமல்.

மாதிரித் துண்டை வீசிவிடாதீர்கள். உச்சிக்கு வரும்போது நூல் போதாமல் போனால், அதைப் பிரித்தே முடித்துவிடலாம்.