ஆதங்க நோய் என்றொரு நோய் இல்லை

பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கிளினிக்குக்குப் பெரியம்மாவை அழைத்துப் போயிருந்தேன். இரண்டு மாதமாகப் படபடப்பு, நெஞ்சு அடைப்பதுபோல் ஓர் உணர்வு, விடிகாலை மூன்று மணிக்கே விழிப்பு. ஈசிஜியில் ஒன்றுமில்லை, தைராய்டும் சரி. டாக்டர் கன்னடக்காரர், பொறுமையானவர். நான்கு மொழியில் அச்சடித்த ஒரு தாளை நீட்டினார். தமிழ்ப் பக்கத்தின் தலைப்பு: ‘ஆதங்க நோய்க்கு உங்கள் மருத்துவரிடமே சிகிச்சை.’

பெரியம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். “எனக்கு ஆதங்கம்னா ஒண்ணே ஒண்ணுதான்டா. உங்க பெரியப்பா லிங்கராஜபுரத்துல அந்த சைட்டை வாங்காம விட்டாரே, அதுதான். அதுக்கு மாத்திரை இருக்காமா?”

நடந்தது என்னவென்று ஊகிப்பது கடினமில்லை. ஆங்கிலத்தின் ‘ஆங்ஸைட்டி’க்குக் கன்னடத்தில் ‘ஆதங்க’ என்பார்கள். மொழிபெயர்த்தவர் அதற்கு ஒரு ‘ம்’ மட்டும் போட்டுத் தமிழாக்கிவிட்டார். மூலம் வடமொழி, சரக சம்ஹிதை நோய்க்கு அடுக்கும் பெயர்களில் ஒன்று. அதே சொல் இந்தியில் பயங்கரம் ஆகி, ‘வாதம்’ சேர்ந்து பயங்கரவாதம் ஆனது. கன்னடத்தில் கலக்கமாக நின்றது. தமிழில் தேய்ந்து, நடக்காமல் போனதை நினைத்து வருகிற மனக்குறையாகிவிட்டது. மூன்று மாநிலக்காரர்கள் ஒரே சொல்லைச் சொல்லி மூன்று பொருள் கொள்வார்கள். பெங்களூரில் மொழிபெயர்ப்பவருக்கு இதுகூடத் தெரியவில்லை என்றால் என்ன சொல்வது?

இந்தப் பிழை சிரித்துவிட்டுப் போகக்கூடியது. எனக்கு உண்மையில் எரிச்சல் தருவது இதற்கு மாற்றாக எல்லோரும் சொல்கிற சொல். “பேசாமல் ‘கவலை நோய்’ என்று போட்டிருக்கலாமே” என்றார் என் நண்பர். ‘கவலைக் கோளாறு’ என்றும் எழுதுகிறார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

கவலை அருமையான சொல்தான், குறையே சொல்ல மாட்டேன். பழந்தமிழில் வழிகள் பிரிகிற இடத்துக்கும் கவலை என்றே பெயர். எந்தப் பக்கம் போவது என்று மனமும் பிரிந்து நிற்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. ‘மனக்கவலை மாற்றல் அரிது’ என்கிறது ஏழாவது குறள். ஆனால் கவலைக்கு ஒரு பொருள் வேண்டும். மகள் கல்யாணம், வாடகை, காவிரித் தண்ணீர் என்று எதைப் பற்றியாவதுதான் கவலை வரும். பெரியம்மாவுக்கு அப்படி எதுவும் இல்லை. பிள்ளைகள் செட்டில் ஆகிவிட்டார்கள், பென்ஷன் வருகிறது. “எனக்கு ஏதுடா கவலை?” என்று அவர் கேட்டால் நோயே இல்லை என்று ஆகிவிடும். சரி, கவலை இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். கவலைக்கு மருந்து என்ன? “கவலைப்படாதீங்க.” பக்கத்து வீட்டுக்காரர் முதல் காய்கறிக்காரர் வரை எல்லோரும் இலவசமாகத் தருகிற மருந்து அது. பிறகு எதற்கு டாக்டர்?

அந்தத் தாளின் பின்பக்கம் இருந்த கேள்விகளைப் பார்த்தால் கூத்து இன்னும் தெளிவாகும். ஆங்ஸைட்டி எவ்வளவு என்று மதிப்பெண் போட்டுப் பார்க்கிற, 2006இல் வந்த ஜிஏடி-7 அளவுகோல் அது. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஏழு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. மொத்தம் 10ஐத் தொட்டால் டாக்டர் மேலும் விசாரிக்க வேண்டும். முதல் கேள்வி பதற்றத்தைப் பற்றியது. இரண்டாவது, கவலையை நிறுத்த முடியாமல் போவது. மூன்றாவது, பலதையும் பற்றி அளவுக்கு மீறிக் கவலைப்படுவது. அதாவது ஆங்கிலக்காரர்களே இரண்டையும் வேறு வேறாக வைத்துக் கேட்கிறார்கள். நம் ஆள் என்ன செய்தார்? தலைப்பில் ஆதங்கம், கேள்வியில் கவலை. முதல் மூன்று கேள்வியிலும் அதே கவலை. பெரியம்மா மூன்றுக்கும் 0 போட்டார். மொத்தம் 4.

நான் தாளை வாங்கி என் பாஷையில் கேட்டேன். படபடன்னு, பதற்றமா இருக்கா? தினமும். ஒரே நினைப்பு மண்டைக்குள்ள சுத்துதா, விட முடியலையா? பாதி நாளுக்கு மேல். அது போனா இன்னொண்ணு வருதா? அதுவும்தான். அப்போது 11 வந்தது.

ஆகவே என் சொல் பதற்றம். மாறு, மாற்றம், சீறு, சீற்றம், பதறு, பதற்றம். அவ்வளவுதான் இலக்கணம். ‘பதட்டம்’ என்று எழுதுகிறவர்கள் ‘மாட்டம்’ என்றும் எழுதட்டும். ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேர் நெரித்தலைக் குறிக்கும். நெஞ்சுவலிக்குச் சொல்லும் ஆஞ்சைனாவும் அதன் உறவுதான். பதறுவதிலும் மனம், உடம்பு இரண்டும் சேர்ந்தே வருகின்றன. கை பதறும், உடம்பு பதறும், பேச்சு பதறும். பதறாத காரியம் சிதறாது என்று பாட்டிகள் சொன்னதில் எதைப் பற்றி என்ற கேள்வியே இல்லை.

ஒரு குறை உண்டு, மறைக்க மாட்டேன். செய்தித்தாள்கள் இதை ஊருக்குக் கொடுத்துவிட்டன. ‘பதற்றம் நிலவுகிறது, போலீஸ் குவிப்பு’ என்று படித்ததும் 1991, 2016 காவிரிக் கலவரங்களைப் பார்த்த பெங்களூர்த் தமிழருக்கு வேறு ஞாபகம் வரும். அதனால்தான் ‘பதற்ற நோய்’ என்று நோயைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கோளாறு வேண்டாம். அதைக் கேட்டால் மண்டைக் கோளாறுதான் ஞாபகத்துக்கு வரும். “அப்ப நிம்ஹான்ஸுக்குப் போகணுமா?” என்று இங்கிருக்கும் பெரிய மனநல மருத்துவமனையைச் சொல்லிப் பெரியம்மா கேட்டது அந்தப் பயத்தில்தான். அவசியமில்லை. பெரும்பாலும் பக்கத்து டாக்டரே செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்ற மாத்திரைகளைக் குறைந்த அளவில் தொடங்கலாம், பேச்சு சிகிச்சைக்கும் அனுப்பலாம். மருந்து வேலை செய்யச் சில வாரம் ஆகும், முதல் வாரத்தில் படபடப்பு கொஞ்சம் கூடவும் கூடும். கவலைக்கு மாத்திரை என்று நினைத்தவர் அந்த வாரமே நிறுத்திவிடுவார். அப்புறம் உடனே அடக்கும் அல்பிரசோலத்தைக் கேட்டுப் பழகிக்கொண்டால், அதை விடுவது தனிப் பாடு.

டாக்டர் கேட்டதால் ஒரு சீட்டில் ‘பதற்ற நோய்’ என்று தமிழில் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாதம் போனபோது புதுத் தாள் வந்திருந்தது. ஆதங்கம் போயிருந்தது, கவலையும் போயிருந்தது. தலைப்பில் ‘பதட்ட நோய்’ என்று இருந்தது.